கால் மெஷினா, கரண்ட் மெஷினா?

மகள் 2021இல் கரண்ட் தையல் மெஷின் ஒன்று வாங்கித் தந்தபோது கூடவே ஒரு நிபந்தனையும் போட்டாள். "இனி அந்தக் கறுப்பு மெஷினை ஆருக்கும் குடுத்திருங்கம்மா, மிதிச்சு மிதிச்சுத்தான் உங்களுக்கு முழங்கால் நோகுது." சரி என்று தலையாட்டினேன், கொடுக்கவில்லை. இரண்டும் இப்போது விறாந்தையில் ஒன்றுக்கொன்று எதிரே நிற்கின்றன. பேரப்பிள்ளைகள் மூன்று பேருக்கும் சட்டை, காற்சட்டை, பள்ளிக்கூட உடுப்பு, வீட்டுக்குத் தலகணி உறை, மருமகனின் கிழிந்த சாரம் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றில்தான் ஏறி இறங்கும். தையல் பழக ஆசைப்படுகிற பிள்ளைகள் எதை வாங்குவது என்று கேட்டால் நான் கால் மெஷின் பக்கம்தான் சாய்வேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேகமும் பாரமும் பார்த்தாலே விளங்குகிற விசயம். கரண்ட் மெஷின் பறக்கும், வேலை முடிந்ததும் தூக்கி அலுமாரியில் வைக்கலாம். கால் மெஷின் ஒரு மூலையைப் பிடித்ததென்றால் வீடு மாறும்வரை அங்கேதான்.

கரண்ட் மெஷினுக்கு மனதார மார்க் போடுகிற இடம் இரண்டு. ஒன்று சிக்சாக் தையல், அதாவது வளைந்து வளைந்து போகிற தையல். என் பழைய சிங்கர் கால் மெஷினில் நேர்த்தையல் மட்டும்தான் வரும். பெனியன் துணியை நேர்த்தையலில் மூட்டினால் பிள்ளை தலையை நுழைக்கும்போதே நூல் பட்டென்று அறும், சிக்சாக் என்றால் துணியோடு சேர்ந்து இழுபடும். (அந்தத் துணியில் நான் தைத்தது நாலைந்து உடுப்புத்தான், ஆகவே இதில் என் பேச்சைக் கொஞ்சம் குறைத்தே எடுங்கள்.) இரண்டாவது, முன்தட்டைக் கழற்றினால் மெஷினின் கை மெலிந்து நிற்கும், இரண்டு வயதுப் பிள்ளையின் சட்டைக் கையை அதில் வளையல் மாதிரிப் போட்டுச் சுற்றிவரத் தைக்கலாம். கால் மெஷினில் அது நடக்காது. கையை மூட்டுவதற்கு முன்பே துணியை விரித்து வைத்து ஓரம் மடித்துவிட வேண்டும். மறந்தால் பிரிக்கத்தான் வேண்டும், நானும் எத்தனையோ தரம் பிரித்திருக்கிறேன்.

ஆனால் நான் தைப்பது பெரும்பாலும் பருத்தி. மருதமுனைக் கைத்தறித் துணி கிடைத்தால் இன்னும் நல்லது, வெட்டுவதற்கு முன் ஒரு இரவு தண்ணீரில் ஊறவிட்டுக் காயவைத்தால் பிறகு சுருங்கி முழங்காலுக்கு மேலே ஏறாது. அதற்கு நேர்த்தையல் தாராளம். ஓரம் பிசிறாமல் இருக்க, முதலில் துணியின் வெளிப்பக்கத்தில் ஒரு தையல் போட்டு, ஓரத்தை ஒட்ட நறுக்கி, மறுகா உள்ளே திருப்பி இன்னொரு தையல் போடுவேன். நேரம் இரட்டிப்புத்தான், ஆனால் கைக்குழந்தையின் தோலில் உராய நூல் நுனி ஒன்றும் இருக்காது.

இப்போது முக்கியமான விசயம், பராமரிப்பு. வாங்கும்போது யாரும் இதை யோசிப்பதில்லை, நானும் யோசிக்கவில்லை.

எங்கள் வீடு மட்டக்களப்புக் கல்லடியில், கடலுக்கு நாலு வளவு தள்ளி. உப்புக்காற்றுக்கு இரும்பு எதுவும் தப்பாது. கால் மெஷின் முழுக்க இரும்பு, ஆனால் அதன் வயிறு திறந்தே கிடக்கிறது. மேலே எண்ணெய் விடும் ஓட்டைகள் வரிசையாகத் தெரியும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய், அப்புறம் நூல் இல்லாமல் ஒரு நிமிடம் மிதி, கடைசியாகப் பழைய துணியில் இரண்டு தையல் போட்டுக் கறையைக் குடிக்கவிடு. மாதத்தில் ஒரு நாள். ஊசிக்குக் கீழே உள்ள தகட்டைக் கழற்றினால் துணியை நகர்த்துகிற பல்லுக்குள் பஞ்சு அடைந்து கெட்டியாகி இருக்கும், அதைப் பழைய பல்துலக்கும் பிரஷால் எடுத்துவிட்டாலே பாதி நோய் போய்விடும். மாரியில் தோல் பெல்ட் நனைந்து தொய்யும். அரை அங்குலம் வெட்டி, புது ஓட்டை போட்டு, கம்பியைக் கொளுவி நசித்தால் சரி. இதற்கெல்லாம் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

இந்த மெஷின் அம்மாவுடையது. 1978 நவம்பர் 23 சூறாவளியில் எங்கள் கூரை முழுவதும் போய், இது இரவு முழுக்க மழையில் நின்றது. சில்லு இறுகிவிட்டது. அப்பா மண்ணெண்ணெயில் துணியைத் தோய்த்து ஒவ்வொரு மூட்டாகத் துடைத்து, எண்ணெய் விட்டு, மூன்று நாள் கையாலேயே முன்னும் பின்னும் அசைத்து விடுவித்தார். இன்றைக்கும் அதில்தான் தைக்கிறேன். சிங்கர் 1877இலேயே இலங்கைக்கு வந்துவிட்டதால் இந்தப் பழைய மாதிரி மெஷின்கள் ஊரெல்லாம் கிடக்கின்றன, அடிநூல் சுற்றும் பொபினும் பெல்ட்டும் நான் தேடி அலைந்ததில்லை.

கரண்ட் மெஷினின் கதை வேறு. போன வருசம் வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு இரண்டு நாள் இருக்க, பேத்தியின் பாவாடைக்கு முன் மருமகனின் டெனிம் காற்சட்டையைக் குட்டையாக்கித் தருவோம் என்று வைத்தேன். தடித்த மூட்டு வந்த இடத்தில் டக் என்று ஒரு சத்தம். மோட்டர் ஓடுகிறது, ஊசி அசையவில்லை. திருத்துகிறவரிடம் கொண்டுபோனால் திறந்து காட்டினார். உள்ளே விரல்நக அளவில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பல்லுச்சில்லு, இரண்டு பல்லைக் காணவில்லை. சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும் என்றார், வந்து சேர ஐந்து கிழமை. பாவாடை கால் மெஷினில்தான் முடிந்தது. என் பிழையும் இருக்கிறது, அந்தத் தடிப்புக்கு 16ஆம் நம்பர் ஊசி போட்டு, கையால் சில்லைச் சுற்றித் தாண்டியிருக்க வேண்டும். ஆனாலும் நேற்றுப் பழகத் தொடங்கிய பிள்ளைக்கு அது தெரியுமா? எல்லாக் கரண்ட் மெஷினும் இப்படியா என்றால், நான் பாவித்தது இந்த ஒன்றைத்தான்.

2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது எது ஓடியது என்று சொல்லத் தேவையில்லை.

கால் மெஷினின் குறையையும் மறைக்கக்கூடாது. பழகும் காலத்தில் சில்லு பின்பக்கம் சுற்றி நூல் அறுந்துகொண்டே இருக்கும். சின்னப் பிள்ளைகள் மிதியில் ஏறி ஊஞ்சல் ஆடுவார்கள், சில்லுக்குள் விரல் போகலாம். நான் எழும்பும்போதெல்லாம் பெல்ட்டைக் கழற்றி, பெரிய சில்லைத் துணியால் கட்டிவிடுவேன். மகள் சொன்ன முழங்கால் நோவும் பொய்யில்லை. நீண்ட நேர்த்தையல், யன்னல் சீலை மாதிரி, இப்போது கரண்ட் மெஷினில்தான்.

பழையது வாங்குவதென்றால், படகு வடிவில் நீட்டுப் பொபின் போடும் மிகப் பழைய வகையை விட்டுவிட்டு, வட்டப் பொபின் உள்ளதைப் பாருங்கள். மேசைக் காலில் கறையான் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். ஒரு துண்டு டெனிமை நாலாக மடித்துக் கையோடு கொண்டுபோங்கள், விற்கிறவர் எப்போதும் மெல்லிய துணியில்தான் தைத்துக் காட்டுவார்.