பெயர் ஒன்று, விதை இரண்டு: வேலூர் வெயிலுக்கு எந்தச் சூசன்?

'பிளாக் ஐட் சூசன்' பூ விதை வேண்டும் என்று கேட்டால் இரண்டில் எது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. ஒன்று ருட்பெக்கியா ஹிர்ட்டா. வட அமெரிக்காவின் புல்வெளிச் செடி, சூரியகாந்திக் குடும்பம். இன்னொன்று தன்பெர்ஜியா அலாட்டா. கிழக்கு ஆப்பிரிக்கக் கொடி, நம்ம கனகாம்பரத்துக்குச் சொந்தம். முன்னதில் பூவின் நடுவிலுள்ள கருங்கண் குமிழாகப் புடைத்து நிற்கும். பின்னதில் அது உள்ளே இறங்கும் இருண்ட குழல். காட்பாடியில் எங்கள் வீட்டில் இரண்டையும் போட்டுப் பார்த்தேன்.

ருட்பெக்கியா விதை எள்ளைவிடப் பொடி. முளைக்க வெளிச்சம் வேண்டும். இது தெரியாமல் முதல் தடவை துலுக்கச் சாமந்திக்குச் செய்வதுபோல் மண்ணைப் போட்டு மூடினேன், ஒன்றும் முளைக்கவில்லை. மறுமுறை கோகோபீட் (தென்னை நார்த்தூள்), மண்புழு உரம், மணல் கலந்து தட்டில் நிரப்பி, விதையை மேலே தூவி, உள்ளங்கையால் அமுக்கியதோடு விட்டேன். பூவாளி கூடாது, விதை அடித்துக்கொண்டு போகும், ஸ்பிரேயர்தான். பத்து நாளில் பச்சை தெரிந்தது. புரட்டாசிக் கடைசியில் தாழ்வாரத்தில் தட்டு வைத்து, ஐப்பசி அடைமழையைத் தாண்டிக் கார்த்திகையில் பிடுங்கி நட்டால் மாசியில் பூ பார்க்கலாம். நேரே பாத்தியில் தூவினால் மழை விடாது. ஈரம் தேங்கினால் நாற்று அடியில் அழுகிச் சாயும். இதில் கவனம் தப்பவே கூடாது.

தன்பெர்ஜியாவில் இந்தப் பாடு இல்லை. மிளகைவிடச் சற்றுச் சிறிய விதை. ராத்திரி ஊறவைத்து, 1 செ.மீ. ஆழத்தில் ஊன்றினால் இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். கம்பி கட்டிவிட்டால் ஏறிக்கொள்ளும்.

ஆனால் வெயில் என்று வந்தால் கதை மாறுகிறது. ருட்பெக்கியாவுக்கு நாளெல்லாம் வெயில் வேண்டும். பங்குனி வரை சளைக்காமல் பூத்தது. பறித்துக் குவளையில் வைத்தாலும் பல நாள் வாடாது. தன்பெர்ஜியாவோ மதிய வெயிலில் இலை கருகிவிடும். கிழக்குப் பார்த்த கிரில்லில் மட்டும்தான் எனக்கு நன்றாக வந்தது. கத்திரி வெயிலில் இரண்டுமே திணறின.

மண்தரை இருப்பவர்களுக்கு நான் ருட்பெக்கியாவைத்தான் சொல்வேன், உழைப்பு கூடுதலானாலும். பால்கனி மட்டும் உள்ளவர்கள் கொடியை வைக்கலாம். ஒன்று மட்டும்: அதன் காய் முற்றினால் வெடித்து விதையைச் சிதறடிக்கும். வெப்ப நாடுகள் பலவற்றில் அது களையாகப் பரவியிருக்கிறது. ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் வீடு இருந்தால் காய்களை முற்றும் முன்பே கிள்ளிவிடுங்கள்.