வயதான குவார்ட்டர்பேக்கை விற்கலாமா? ‘ஓவர் தி கேப்’ தளத்தின் கணக்கும் அதன் எல்லையும்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் பார்ப்பவர்களுக்கு மார்ச் வந்தால் ஒரு வாக்குவாதம் நிச்சயம். பத்துப் பதினைந்து வருடம் அணியைத் தூக்கி நிறுத்திய, தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரரான குவார்ட்டர்பேக்குக்கு வயது 36, 38 என்று ஏறிவிட்டது. விலை இருக்கும்போதே வேறு அணிக்குக் கொடுத்துவிடலாமா, இன்னும் ஒரு சீசன் வைத்துப் பார்க்கலாமா? “கொடுக்கவே முடியாது, டெட் மணி 40 மில்லியன்” என்று, ஆள் போன பின்னும் அணியின் கணக்கில் நிற்கும் தொகையைக் காட்டி யாராவது ஒருவர் அடித்துச் சொல்வார். அந்த எண் வந்த இடம் பெரும்பாலும் ஓவர் தி கேப் தளமாகத்தான் இருக்கும்.

ஜேசன் ஃபிட்ஸ்ஜெரால்ட் தொடங்கிய தளம் இது. 32 அணிகளின் ஆட்டக்காரர் ஒப்பந்தங்களையும் வருடவாரியாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், பார்க்கக் கட்டணம் இல்லை. எண்களில் குறை சொல்ல அதிகம் இல்லை. அவற்றைப் படிக்கும் விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். தளத்தில் வேறு பல வசதிகள் உண்டு. மூத்த குவார்ட்டர்பேக்கை டிரேட் செய்வதா (வேறு அணிக்கு மாற்றிக் கொடுப்பதா) என்ற ஒரே கேள்விக்கு அது எவ்வளவு தாங்கும் என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

ஓர் ஆட்டக்காரரின் பக்கத்தைத் திறந்தால் வருடத்துக்கு ஒரு வரி இருக்கும். அடிப்படைச் சம்பளம், புரோரேட்டட் போனஸ், குறிப்பிட்ட நாளில் அணியில் இருந்தால் கிடைக்கும் ரோஸ்டர் போனஸ், பயிற்சிக்கு வந்தால் கிடைக்கும் ஒர்க்அவுட் போனஸ், உத்தரவாதச் சம்பளம், அந்த வருடத்துக் கேப் எண் (அணியின் சம்பள உச்சவரம்பான சாலரி கேப்பில் அவருக்காக ஏறும் தொகை). கண் முதலில் கேப் எண்ணுக்குத்தான் போகும். போக வேண்டிய இடம் புரோரேட்டட் போனஸ். கையெழுத்துப் போட்டதும் ஆட்டக்காரருக்குக் கொடுத்துவிட்ட பணம் அது. சாலரி கேப் கணக்கில் மட்டும் அதிகபட்சம் ஐந்து வருடத்துக்குச் சமமாகப் பிரித்து எழுதிக்கொள்கிறார்கள். அவரை டிரேட் செய்தால், இன்னும் எழுதாமல் பாக்கியிருக்கும் பங்குகள் மொத்தமும் பழைய அணியின் தலையில் விழும். அதுதான் டெட் மணி. அடிப்படைச் சம்பளமும் இன்னும் கொடுக்காத போனஸ்களும் வாங்கும் அணியோடு போய்விடும்.

ஆரன் ராஜர்ஸ் விஷயத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2022 மார்ச்சில் கிரீன் பே பேக்கர்ஸோடு போட்ட ஒப்பந்தத்தில் சைனிங் போனஸ் 40.8 மில்லியன் டாலர். ஐந்தால் வகுத்தால் வருடத்துக்கு 8.16. 2022 கழிந்த பிறகு நான்கு பங்கு பாக்கி, அதாவது 32.6. முந்தைய ஒப்பந்தத்தின் மிச்சம் சுமார் 7.7. இரண்டையும் கூட்டினால் 40.3 மில்லியன். 2023இல் அவரை வைத்துக்கொண்டிருந்தால் கேப் எண் 31.6. ஆகவே அந்த ஏப்ரலில் அவரை நியூயார்க் ஜெட்ஸுக்குக் கொடுத்ததால் பேக்கர்ஸ் கேப்பில் 8.7 மில்லியன் கூடுதலாகப் போனது. தளத்தில் ‘டிரேட், ஜூன் 1க்கு முன்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் சேமிப்பு என்ற இடத்தில் இந்த 8.7 மைனஸில் வந்து நிற்கும். அதைப் பார்த்த கையோடு “நஷ்டம்” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

அந்த 40.3 மில்லியன் டிரேடுக்காகப் புதிதாகச் செலவான பணம் அல்ல. என்றோ கொடுத்து முடித்தது. அவர் இருந்தாலும் போனாலும் ஓய்வு பெற்றாலும் அது பேக்கர்ஸ் கணக்கில் ஏறியே தீரும், எந்த வருடத்தில் என்பதுதான் மாறும். மறுபக்கத்தையும் பாருங்கள். அதே ஒப்பந்தத்தில் 2023க்கு 58.3 மில்லியன் ஆப்ஷன் போனஸ் காத்துக்கொண்டிருந்தது. வைத்துக்கொள்வதென்றால் அதையும் கட்ட வேண்டும், நான்கு வருடத்துக்குப் பிரித்தால் 14.6 வீதம். ஒரு சீசன் ஆடிவிட்டு 2024 தொடக்கத்தில் அவர் விலகினால் அந்த வருடம் விழக்கூடிய டெட் மணி, 8.16இல் மூன்று பங்கு, 14.6இல் மூன்று பங்கு, ஆக மொத்தம் 68 மில்லியன். 2024இல் ஓர் அணியின் முழு கேப்பே 255.4 மில்லியன்தான். கால் பங்குக்கு மேல், களத்தில் இல்லாத ஒருவருக்காக.

தளத்தில் இதைப் பார்க்க ஒரு வரி கீழே இறங்கினால் போதும். இந்த வருட வரியிலும் அடுத்த வருட வரியிலும் டெட் மணி எண்ணை ஒப்பிடுங்கள். அடுத்த வருடத்து எண் பெரிதாக இருந்தால், “இன்னும் ஒரு வருடம் பார்ப்போம்” என்பதுதான் விலை கூடிய முடிவு. தளத்தில் இதைவிடப் பயனுள்ள ஒரு பார்வை எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அதைச் செய்யச் சொல்லி எந்தப் பொத்தானும் நினைவூட்டாது.

அடுத்த சிக்கல் ஜூன் 1. அந்தத் தேதிக்கு முன் டிரேட் செய்தால் பாக்கி முழுதும் அந்த வருடத்திலேயே ஏறும். பிறகு செய்தால் அந்த வருடப் பங்கு மட்டும் அந்த வருடத்தில், மீதி அடுத்த வருடத்தில். ராஜர்ஸுக்கு ‘ஜூன் 1க்குப் பின்’ கணக்கு 2023இல் 15.8, 2024இல் 24.5. பார்க்க எவ்வளவு சுகமாக இருக்கிறது! பின் ஏன் பேக்கர்ஸ் ஏப்ரலில் கொடுத்தார்கள்? புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் ஏப்ரல் கடைசியில் நடக்கிறது. ஜூனில் கொடுத்தால் அந்த வருட டிராஃப்ட் பிக் (தேர்வு வாய்ப்பு) எதுவும் கைக்கு வராது, அடுத்த வருடம்வரை காத்திருக்க வேண்டும். தளம் இரண்டு எண்களையும் அருகருகே தரும். இந்தக் காத்திருப்பின் விலை அதில் இருக்காது.

இங்கே இன்னொரு குழப்பமும் அடிக்கடி வருகிறது. ஓர் அணி வருடத்துக்கு இரண்டு பேரை மார்ச்சிலேயே விடுவித்து, அதை ‘ஜூன் 1க்குப் பின்’ என்று கணக்கெழுதலாம். இந்தச் சலுகை இப்படி விடுவிப்பதற்கு, அதாவது கட் செய்வதற்கு மட்டும்தான், டிரேடுக்குக் கிடையாது. டிரேட் என்றால் நாள்காட்டியில் உண்மையிலேயே ஜூன் வந்திருக்க வேண்டும். அப்படிக் கட் செய்தாலும் ஜூன் தொடங்கும்வரை பழைய கேப் எண் முழுதாக உட்கார்ந்திருக்கும், மார்ச்சில் வேறு யாரையும் வாங்க அந்த இடம் உதவாது. 2025இல் ஜெட்ஸ் இதே வழியில்தான் ராஜர்ஸை அனுப்பினார்கள். 49 மில்லியன் டெட் மணி 2025க்கு 14, 2026க்கு 35 என்று பிரிந்தது.

டிரேடையும் கட்டையும் ஒன்றாகப் படிப்பது அதைவிடப் பெரிய பிழை. கட் செய்தால் உத்தரவாதச் சம்பளமும் பழைய அணியிடமே தங்கும். டென்வர் பிராங்கோஸ் 2022 மார்ச்சில் ரஸல் வில்சனை சியாட்டில் சீஹாக்ஸிடமிருந்து வாங்கி, அவர் ஓர் ஆட்டம்கூட ஆடும் முன் புது நீட்டிப்பும் கொடுத்தார்கள். இரண்டு சீசன் கழித்து 2024 மார்ச்சில் கட் செய்தபோது டெட் மணி 85 மில்லியன். அதில் 39 மில்லியன் 2024க்கான உத்தரவாதச் சம்பளம். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அவரைக் குறைந்தபட்சச் சம்பளமான 1.21 மில்லியனுக்கு எடுத்துக்கொண்டது, மீதியைக் கட்டியது டென்வர். இன்னும் ஒரு வாரம் வைத்திருந்தால் 2025 சம்பளத்தில் 37 மில்லியனும் உத்தரவாதமாகியிருக்கும். இந்த மாதிரித் தேதிகள் அட்டவணையின் கட்டங்களில் தெரியாது, ஒப்பந்தக் குறிப்புகளைத் தேடிப் படிக்க வேண்டும். மார்ச் நடுவில் தொடங்கும் லீக் வருடத்தின் மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் என்று வரும் வரிகளைக் கண்டால் நின்று படியுங்கள். டிரேட் மார்ச் நடுவில் நடக்குமா, இழுத்துக்கொண்டு போகுமா என்பதை அவைதான் முடிவு செய்கின்றன.

‘ரீஸ்ட்ரக்சர்’ பொத்தானோடு விளையாடுவது சுவாரஸ்யம், ஆபத்தும் அதில்தான். சம்பளத்தைப் போனஸாக மாற்றி எதிர்காலத்துக்குத் தள்ளினால் இந்த வருடம் கேப்பில் இடம் பிறக்கும். அட்லாண்டா ஃபால்கன்ஸ் மேட் ரையன் ஒப்பந்தத்தில் இதைத்தான் செய்துகொண்டு போனார்கள். 2022இல் அவரை இந்தியானாபொலிஸ் கோல்ட்ஸுக்குக் கொடுத்தபோது 40.5 மில்லியன் டெட் மணி, பதிலுக்குக் கிடைத்தது ஒரு மூன்றாம் ரவுண்டு பிக். 36 வயதுக் குவார்ட்டர்பேக்குக்கு அதற்கு மேல் கேட்பதும் கடினம். விற்கும் எண்ணம் கொஞ்சமாவது இருக்கிற அணி முந்தைய வருடம் ரீஸ்ட்ரக்சர் செய்யக் கூடாது. தளத்தில் அந்தப் பொத்தானை அழுத்திய பிறகு டிரேட் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள், காரணம் தெரியும்.

அட்டவணையின் அடியில் ‘வாய்ட்’ என்று வரும் வருடங்கள் ஆடுவதற்கானவை அல்ல, போனஸைப் பரப்பி எழுத மட்டுமே. ஒப்பந்தம் காலாவதியாகும் நாளில் அந்தப் பாக்கி மொத்தமாக விழும். டாம் பிரேடி 2020இல் போனபோது நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸுக்கு மிஞ்சியது 13.5 மில்லியன் டெட் மணி. டிரேடும் இல்லை, பிக்கும் இல்லை. ஜோ மான்டனாவை 1993இல் கேன்சஸ் சிட்டிக்கு அனுப்பி, முதல் ரவுண்டு பிக்கைக் கையில் வாங்கிய சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. சாலரி கேப் வந்ததே 1994இல்தான்.

விற்பவர் கணக்கு முடிந்தால் வாங்குபவர் பக்கம் போக வேண்டும். அடிப்படைச் சம்பளம், ரோஸ்டர் போனஸ், ஆப்ஷன் போனஸின் அந்த வருடப் பங்கு ஆகியவற்றைக் கூட்டி, வாங்கும் அணியின் கேப் இடத்தோடு ஒப்பிடுங்கள். அணிகளுக்கான கால்குலேட்டரில் ஒரே சமயத்தில் பல பேரைக் கட் செய்தும் ரீஸ்ட்ரக்சர் செய்தும் பார்க்கலாம் என்பதால் அந்த வேலை எளிது. சீசன் இல்லாத மாதங்களில் மிகப் பெரிய 51 ஒப்பந்தங்கள்தான் கேப்பில் சேரும். ஒருவர் வெளியேறினால் 52ஆவது ஆள் உள்ளே வருவார், ஆகவே காட்டும் சேமிப்பில் ஒரு குறைந்தபட்சச் சம்பளத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஆனால் வாங்கும் அணி பழைய ஒப்பந்தத்தை அப்படியே வைத்திருக்கும் என்று நம்பாதீர்கள். ராஜர்ஸ் ஜெட்ஸுக்குப் போன மூன்றாம் மாதமே ஒப்பந்தத்தை மாற்றி, இரண்டு வருடத்துக்கு 75 மில்லியன் உத்தரவாதம் என்று எழுதினார்கள்.

கிடைக்கும் பிக்குகளுக்கு மதிப்புப் போட தளத்திலேயே ஒரு டிராஃப்ட் மதிப்பு அட்டவணை இருக்கிறது. டல்லாஸின் முன்னாள் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் பெயரில் வழங்கும் பழைய அட்டவணையில் 13ஆவது பிக் 1150 புள்ளி, 15ஆவது 1050, 42ஆவது 480. ராஜர்ஸ் டிரேடில் பேக்கர்ஸ் 13, 42, 207 ஆகிய பிக்குகளையும் 2024க்கான ஒரு நிபந்தனைப் பிக்கையும் வாங்கிக்கொண்டு, அவரோடு 15, 170 கொடுத்தார்கள். முதல் ரவுண்டில் இரண்டு இடம் ஏறியதற்கு 100 புள்ளிதான், உண்மையான விலை 42ஆவது பிக்கும் 2024க்கான பிக்கும். ஓவர் தி கேப் அட்டவணை ஆட்டக்காரர்கள் பின்னால் பெறும் ஒப்பந்தங்களை வைத்துக் கட்டியது, ஆகவே பின் ரவுண்டுகளுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுக்கும். டிரேடை மதிப்பிட இதுவே நியாயமானது என்பேன். நிபந்தனைப் பிக்குக்கு மட்டும் கையால் கணக்குப் போட வேண்டும். 2024 பிக் இரண்டாம் ரவுண்டு, ராஜர்ஸ் 2023இல் 65 சதவீத ஸ்னாப்கள் (தனித்தனி ஆட்ட முயற்சிகள்) ஆடினால் முதல் ரவுண்டு என்று பேச்சு. செப்டம்பர் 11 அன்று பஃபலோவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் நான்காவது ஸ்னாப்பில் இடது குதிகால் தசைநாண் அறுந்தது. பிக் இரண்டாம் ரவுண்டிலேயே நின்றது.

எந்த அட்டவணையாலும் சொல்ல முடியாதது அதுதான். 39 வயதுக் கால் எத்தனை ஆட்டம் தாங்கும், பயிற்சியாளரோடு ஒத்துப்போவாரா, பின்னால் நிற்கும் இளைஞன் தயாரா என்பதற்கெல்லாம் இங்கே கட்டம் இல்லை. நோ டிரேட் கிளாஸ் இருந்தால் ஆட்டக்காரர் ஒப்புக்கொள்ளாமல் எந்தக் கணக்கும் நகராது. வில்சனிடம் அது இருந்தது, அவர் விட்டுக்கொடுத்ததால்தான் டென்வர் டிரேட் நடந்தது. பேக்கர்ஸ் கையில் 2020 முதல் ரவுண்டில் எடுத்து மூன்று வருடம் பழக்கிய ஜோர்டன் லவ் இருந்தார். 2023இல் 9 வெற்றி, 8 தோல்வி, பிளேஆஃபில் டல்லாஸை 48-32 என்று அடித்தார்கள். சியாட்டிலிடம் அப்படி யாரும் இல்லாதபோதும் 26 மில்லியன் டெட் மணியைத் தாங்கிக்கொண்டு இரண்டு முதல் ரவுண்டு, இரண்டு இரண்டாம் ரவுண்டு பிக்குகளையும் மூன்று ஆட்டக்காரர்களையும் வாங்கினார்கள். சார்ல்ஸ் கிராஸும் டெவன் விதர்ஸ்பூனும் அதில் வந்தவர்கள். அட்லாண்டாவிடம் வாரிசும் இல்லை, விலையும் இல்லை. விற்க ஏற்ற காலம் வில்சன் வயது, 33. ரையன் வயதுக்கு வந்துவிட்டால் பிக்குக்காக விற்பதில் பொருள் இல்லை, கணக்கை ஒரே வருடத்தில் தீர்த்துக்கட்ட மட்டும் விற்கலாம்.

ஸ்போட்ராக் தளமும் இதே எண்களைத் தருகிறது, என்பிஏ, பேஸ்பால் என்று மற்ற லீக்குகளும் அங்கே உண்டு. என்எஃப்எல் டிரேட் மட்டும் பார்க்க ஓவர் தி கேப்தான் கைக்கு வாகு. அகலமான அட்டவணைகள் என்பதால் கணினியில் திறப்பது நல்லது.

சீசன் நடுவில் டிரேட் பார்ப்பவர்கள் அடிப்படைச் சம்பளத்தை 18ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், மீதியிருக்கும் வாரங்களுக்குத்தான் புது அணி கொடுக்கும். டிரேடுக்கான கெடு ஒன்பதாம் வாரம் முடிந்த செவ்வாய்க்கிழமை. 2025 அக்டோபரில் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் 40 வயது ஜோ ஃப்ளாக்கோவோடு 2026 ஆறாம் ரவுண்டு பிக்கையும் சேர்த்து சின்சினாட்டிக்குக் கொடுத்து, ஐந்தாம் ரவுண்டு பிக் ஒன்றை வாங்கிக்கொண்டார்கள். அந்த வயதுக்குச் சந்தை விலை ஒரு ரவுண்டு ஏற்றம்.