கோகோபீட்டில் நாற்று விட்ட நான்கு ஆண்டுகள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில் மண்ணில்லா வளர்ப்புக் குழாய்களை 2021இல் அமைத்தேன். குழாய், பம்ப், உரக்கரைசல் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் பயிர் தேறுமா தேறாதா என்பது முதல் இருபது நாளில், விதை முளைக்கும் சிறு குழியிலேயே முடிவாகிவிடுகிறது. ஆகவே நாற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தொடக்கத்தில் ராக்வூல் வைத்திருந்தேன். பாறையை உருக்கி இழையாக்கிச் செய்த கட்டி அது. காரத்தன்மை கூடியது என்பதால் பி.எச். 5.5 அளவுள்ள, சற்றே அமிலமான நீரில் ஊறவைத்த பிறகே விதைக்க வேண்டும். முளைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அறுவடைக்குப் பின் மிஞ்சும் கட்டிகள்தான் மக்கவே மக்காது. அவற்றை மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் போட எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆறு மாதத்தில் தேங்காய் நார்த்தூளான கோகோபீட்டுக்கு மாறினேன். பொள்ளாச்சிப் பக்கம் கயிற்று ஆலைகளின் ஓரத்தில் இந்த நார்த்தூள் குன்றுகுன்றாகக் கிடந்ததைச் சிறுவயதில் பார்த்தவள் நான். வேண்டாமென்று ஒதுக்கிய பொருள் இன்று விதையைத் தாங்குவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

முதல் விதைப்பு முழுவதும் வீணாயிற்று. 650 கிராம் கோகோபீட் கட்டியை ஊறவைத்தால் எட்டு, ஒன்பது லிட்டர் தூள் கிடைக்கும். 98 குழிகள் கொண்ட நாற்றுத்தட்டு மூன்றை அது தாராளமாக நிரப்பும். உறையில் ‘கழுவப்பட்டது’ என்று அச்சிட்டிருந்ததை நம்பி அப்படியே சாலட் கீரையான லெட்யூஸ் விதைத்தேன். நான்காம் நாள் முளைத்தது. பத்தாம் நாள் விதையிலைகளின் ஓரம் தீய்ந்து பழுப்பாகி, அதற்கு மேல் ஓர் இலைகூட விடவில்லை. பிறகு நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் இ.சி. மீட்டர் வாங்கி, மீதமிருந்த தூளைப் பிழிந்த நீரில் வைத்தேன். 2.4 காட்டியது. நாற்றுக்கு அது கொடும் உப்பு.

அன்று முதல் கழுவாமல் ஒரு பிடிகூடப் பயன்படுத்துவதில்லை. முதல் நீர் கெட்டி டிகாக்‌ஷன் நிறத்தில் இறங்கும். மூன்றாம் நீரில் வெளுத்துவிடும். மீட்டர் 0.5க்குக் கீழே வந்தபின் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஒரு நாள் ஊறவைத்து, மறுபடி ஒருமுறை அலசுகிறேன். நார்த்தூள் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் பிடித்து வைத்திருக்கும். வெறும் தண்ணீரில் அவை முழுதாகப் போகாது, கால்சியம் அந்த இடத்தைப் பிடித்தால்தான் வெளியேறும். இதைச் செய்யாவிட்டால் நாம் பின்னால் கொடுக்கும் கால்சியத்தைத் தூளே உறிஞ்சிக்கொள்ளும், செடி ஏமாந்துபோகும். கழுவிய முதல் நீரை வீட்டு வாசலில் நிற்கும் தென்னைக்கு ஊற்றுகிறேன். அந்த உப்பு அதற்கு ஆகும்.

அடுத்த பாடம் ஈரம். மேல்பகுதி வெளுத்துக் காய்ந்ததுபோல் தெரிந்ததும் ஊற்றிக்கொண்டே இருந்தேன். நாற்றுகள் தண்டின் அடியில் நூலாக இளைத்து, வரிசையாகச் சாய்ந்தன. நாற்றழுகல். தர்மபுரியில் தக்காளி நாற்று விட்டுப் பழகிய என் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார். “அத்தை, மேலே காய்ந்துதானே இருக்கிறது?” என்றேன். ஒரு குழிக்குள் விரலை நுழைத்து எடுத்து, ஒட்டியிருந்த ஈரத்தூளைக் காட்டினார். “இதற்கு மேல் எங்கே கண்ணு தண்ணீர் நிற்கும்?” என்றார். இப்போது பிசைந்த தூளை உள்ளங்கையில் இறுக்கிப் பார்க்கிறேன். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசியலாம், ஒழுகக் கூடாது. நீர் தேங்காமல் காற்றோட்டம் தரும் பெர்லைட் என்னும் எரிமலைப் பாறைத் துகளைக் கால் பங்கு கலந்தபின் அழுகல் வெகுவாகக் குறைந்துவிட்டது.

2024 கோடையில் இரண்டு துன்பம் சேர்ந்து வந்தன. வெயில் 38 டிகிரியைத் தொட்டது. லெட்யூஸ் விதை 30 டிகிரிக்கு மேல் உறங்கிவிடும். தட்டை வீட்டுக்குள் தரையில், ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துத்தான் முளைக்க வைத்தேன். அந்த விதைக்கு வெளிச்சமும் வேண்டும், ஆழப் புதைக்கக் கூடாது. மற்றொன்று தண்ணீர். ஆழ்துளைக் கிணறு வற்றி, லாரித் தண்ணீர் வாங்கினோம். உரம் சேர்க்கும் முன்பே அதன் இ.சி. 1.1. குடிக்கவே எண்ணி எண்ணிச் செலவழித்த நாளில் தூளை நான்கு முறை அலச மனம் வரவில்லை. இரண்டு மாதம் விதைப்பதையே நிறுத்தினேன். கோகோபீட்டின் உண்மையான குறை இதுதான்: கழுவத் தண்ணீர் கேட்கும்.

குழாய்க்கு மாற்றும்போது தூள் உதிர்ந்து பம்ப்பை அடைக்கும் என்பதும் உண்மை. குழியின் அடித்துளை வழியே வெள்ளை வேர் எட்டிப்பார்த்த பிறகு எடுத்தால் கட்டி உடையாமல் வரும். பம்ப்பின் வாயில் நைலான் துணி கட்டியிருக்கிறேன்.

புதுக் கட்டி ஒன்று நேற்று வந்தது. வாளியில் ஊறுகிறது. இரண்டாம் நீரில் மீட்டர் 1.3. சனிக்கிழமைதான் விதைக்க முடியும்.