மணிக்குக் காய்ச்சல் வந்த ஜூன் மாதம்

ஜூன் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வந்து இறங்கினேன். ஒரத்தநாட்டுக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவில் எங்கள் ஊர். கார் தெருமுனை திரும்பும்போதே ஓடி வந்து கதவில் காலைத் தூக்கி வைக்கும் மணி, இந்த முறை திண்ணையோரம் படுத்தபடியே வாலை மட்டும் இரண்டு தட்டுத் தட்டினான். நாட்டு நாய், ஆறு வயது. நானும் தம்பியும் ஆளுக்கொரு நாட்டில் இருக்க, அப்பா அம்மாவுக்கு ராத்திரித் துணை அவன்தான்.

"நாலு நாளா சோறு வைக்கிறேன், மோந்து பார்த்துட்டுப் போயிடுறான்" என்றார் அம்மா. மறுநாள் காலையில் அவன் படுத்திருந்த சாக்கில் ரத்தத் துளிகள். மூக்கிலிருந்து வந்திருந்தது.

எனக்குக் கை கால் ஓடவில்லை. சிங்கப்பூரில் வீட்டில் ஒரு பூனை வளர்க்கிறோம். அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க 2024 செப்டம்பரில்தான் அங்கே அனுமதி வந்தது. போன வருடம் அதற்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. ஆண் பூனைக்கு அப்படி ஆனால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பூனை பிழைத்தது. பில் 2,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) தாண்டியது, அதன் மேல் 9 சதவீத ஜி.எஸ்.டி. ஆனால் பூனையை உள்ளே கொண்டுபோகும் முன்பே என்னென்ன செய்யப் போகிறார்கள், குறைந்தது எவ்வளவு ஆகும், கூடினால் எவ்வளவு ஆகும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். கேட்காமல் எதையும் சேர்க்கவில்லை. தொகை கசந்தாலும் அந்தத் தாள் எனக்குப் பிடித்திருந்தது.

அந்த நினைப்போடுதான் பக்கத்து நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு மணியைக் கொண்டுபோனேன். காசு கொடுத்தால் நல்ல வைத்தியம் கிடைக்கும் என்ற எண்ணம்தான். முதல் சிக்கல் வண்டி. நாய் என்றதும் இரண்டு ஆட்டோக்காரர்கள் மாட்டேன் என்றுவிட்டார்கள். கடைசியில் தெரிந்த ஒருவருடைய 'குட்டி யானை' சரக்கு வண்டியில் பின்னால் வைக்கோல் பரப்பி, மணியை நடுவில் படுக்கவைத்து, அப்பாவும் நானும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து போனோம். போய்வர 1,200 ரூபாய்.

அங்கே முன்மேசையில் இருந்த இளைஞர் என் பேச்சைக் கேட்டதும், "வெளிநாட்டுலேருந்து வந்திருக்கீங்களா மேடம்?" என்றார். ஆமாம் என்றேன். மருத்துவர் இரண்டு நிமிடம் எட்ட நின்று பார்த்தார். எடை போடவில்லை, வாயைத் திறந்து பார்க்கவில்லை, காதைத் தூக்கிப் பார்க்கவில்லை. "மூணு நாள் அட்மிட் பண்ணுங்க, டிரிப்ஸ் ஏத்தணும்" என்றார். என்ன நோய் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். "அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம்" என்று பதில் வந்தது. திரும்பக் கேட்டதும், 15,000 கிட்ட வரும், இப்போது 5,000 முன்பணம் கட்டுங்கள் என்றார் முன்மேசைக்காரர். எதற்கு எவ்வளவு என்று எழுதித் தர முடியுமா என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. பார்த்ததற்கு 500 ரூபாய் கட்டிவிட்டு மணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

தனியார் மருத்துவமனை எல்லாமே இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. எக்ஸ்ரே, ஸ்கேன், ராத்திரி ஆள் என்று வைத்து நடத்தினால் செலவு கூடத்தான் செய்யும், அதைக் கேட்டு வாங்குவதில் தவறு இல்லை. ஆனால் நோயாளியைத் தொடும் முன்பே தொகை சொன்னதுதான் எனக்கு ஒப்பவில்லை.

வண்டியில் வரும்போது அப்பா மெதுவாகச் சொன்னார்: "நம்ம மாட்டாஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா இருக்காங்க. நல்லா பாக்குறாங்கன்னு சொல்றாங்க." அதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ பெரிய இடமா பாக்கணும்னியே" என்றார். அவர் தயங்கியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மாடு பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் நடுவே நாயைக் கூட்டிக்கொண்டு போய் நிற்க அவருக்குக் கூச்சம். நாய்க்கு ஆஸ்பத்திரியா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று.

அரசு கால்நடை மருந்தகத்துக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். அதற்கு அப்புறம் மருத்துவர் ஊர் ஊராகப் போய்விடுவார்: மாட்டுக்குச் சினை ஊசி, கோமாரித் தடுப்பூசி, கன்று போடச் சிரமப்படும் பசு. சுற்று வட்டாரத்துக்கு அவர் ஒருவர்தான். மறுநாள் காலையில் போனோம். முப்பது வயது இருக்கும் அந்த டாக்டரம்மாவுக்கு. வந்ததும் மணியின் நெற்றியில் கை வைத்து, "என்னடா தங்கம்" என்றார். அப்புறம் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார், எங்களையும் பார்க்கச் சொன்னார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளிறிக் கிடந்தது. ஒரு விரலால் அதை அழுத்தி, விட்ட இடத்தில் ரத்தம் எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று எண்ணினார். வெப்பமானி 104.6 காட்டியது. நாய்க்கு 102.5 வரை இருக்கலாம். காதை மடித்தார். உள்ளே, கால் விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில், ஆமணக்கு விதை விதையாக உண்ணிகள்.

"உண்ணிக் காய்ச்சல்னு நினைக்கிறேன். ஆனா ரெண்டு வகை கிருமி இருக்கும்மா" என்று உட்கார்ந்து விளக்கினார். எர்லிக்கியா என்பது வெள்ளை அணுவுக்குள் குடியிருக்கும். அது வந்தால் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்துபோகும், மூக்கில் ரத்தம் வருவது அதனால்தான். பேபேசியா என்பது சிவப்பணுவை உடைக்கும். இரண்டையும் கொண்டுவருவது உண்ணிதான், இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஆனால் ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றொன்றுக்குப் போதாது. "அதனால ரத்தம் பாத்தே ஆகணும். இங்க தட்டணு எண்ற வசதி இல்ல. ஒரத்தநாடு காலேஜுக்குப் போயிடுங்க, நான் எழுதித் தர்றேன்."

எந்தப் பரிசோதனை எதற்கு, அதன் முடிவு தெரிந்தால் வைத்தியம் எப்படி மாறும் என்று ஒருவர் சொன்னால், அவரிடம் பணம் கொடுக்க எனக்குத் தயக்கமே வராது. அந்த அம்மா இரண்டு நிமிடத்தில் அதைச் சொல்லிவிட்டார். நாங்கள் கொடுக்க வேண்டிய பணமும் அங்கே எதுவும் இல்லை.

கிளம்பும்போது என் அம்மா, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் பாதி மாத்திரை இரண்டு வேளை கொடுத்ததைச் சொன்னார். டாக்டரம்மாவின் முகம் மாறியது. "இனிமே கொடுக்கவே கூடாதும்மா. நாய்க்கு ஈரலைக் கெடுக்கும். பூனைக்குக் கொடுத்தா உயிரே போயிடும்." திட்டவில்லை, ஆனால் அழுத்திச் சொன்னார். எங்கள் ஊரில் இதைச் செய்யாத வீடு குறைவு. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி 2012-ல் வந்தது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. சென்னை வேப்பேரியில் 1903-லிருந்து இருக்கும் பழைய கல்லூரியும் அதே பல்கலைக்கழகத்தில்தான் வருகிறது. நான் ஊரை விட்டுப் போன பிறகு வந்த கல்லூரி என்பதால் இத்தனை பக்கத்தில் அப்படி ஓர் இடம் இருப்பது என் மனதிலேயே இல்லை. நாமக்கல், திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர் உள்ளவர்களுக்கும் இதே போல் பக்கத்தில் கல்லூரி உண்டு.

அங்கே காத்திருக்க வேண்டும், அதை மறைக்கத் தேவையில்லை. வயிறு உப்பிய ஆடு, கால் ஒடிந்த கன்று, பெட்டிக்குள் பூனை, நடுவில் நாங்கள். முதலில் ஒரு மாணவர் வந்து எல்லாம் கேட்டு எழுதினார். அப்புறம் ஒரு மாணவி வந்து அதையே கேட்டார். பிறகு பேராசிரியர் வந்து அவர்கள் இருவரையும் கேட்டார். நேரம் போகிறதே என்று முதலில் பொறுமையிழந்தேன். ஆனால் மூன்று பேர் மூன்று முறை ஈறைப் பார்த்தார்கள், நிணநீர்க் கட்டி வீங்கியிருப்பதைத் தொட்டுப் பார்த்தார்கள், எடை போட்டார்கள்: 18 கிலோ. காது நுனியிலிருந்து ஒரு துளி ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். காலையில் போனவர்கள் மாலை மூன்று மணிக்கு முடிவோடு வெளியே வந்தோம். தட்டணு 38,000. இரண்டு லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டியது. பேபேசியா தென்படவில்லை, எர்லிக்கியாதான். பதிவுச் சீட்டு, பரிசோதனை எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான் ஆனது.

மருந்து டாக்ஸிசைக்ளின். மனிதர்கள் சாப்பிடும் அதே மருந்துதான், எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. எடைக்குக் கணக்குப் போட்டு வேளைக்கு 100 மில்லிகிராம், இரண்டு வேளை, 28 நாள். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுப்பான், சோறு வைத்துவிட்டுக் கொடுங்கள், பாலில் கலக்காதீர்கள் என்றார் பேராசிரியர். மூன்றாம் நாளே எழுந்து ஓடுவான், அப்போது மருந்தை நிறுத்திவிடாதீர்கள், பாதியில் நிறுத்தினால் கிருமி உள்ளேயே தங்கி எலும்பு மஜ்ஜை வரை போய்விடும், அப்புறம் காப்பாற்றுவது கஷ்டம் என்று இரண்டு முறை சொன்னார்.

சாப்பாட்டைப் பற்றி அம்மா கேட்டார். ரத்தம் ஊற ஆட்டுச் சுவரொட்டி கொடுக்கலாமா என்று. தாராளமாகக் கொடுக்கலாம், உப்பும் காரமும் போடாமல் வேகவையுங்கள் என்றார்கள். ஆனால் வெங்காயம் கூடவே கூடாது. வெங்காயம் நாயின் சிவப்பணுவை உடைக்குமாம். ஆறு வருடமாக மீந்த குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து போட்ட அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "தெரியாம செஞ்சது தானேம்மா" என்று அந்த மாணவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் நல்ல மருத்துவராக வருவார்.

செலவில் பெரியது நோய்க்கான மருந்து இல்லை, உண்ணிக்கான மாத்திரை. ஒரு மாத்திரை போட்டால் 12 வாரம் வேலை செய்யும், கிட்டத்தட்ட 2,000 ரூபாய். ஜூன் 10-ம் தேதி கொடுத்தோம், இரண்டு நாளில் உண்ணிகள் உதிர்ந்துவிட்டன. அப்பாவுக்கு விலையைக் கேட்டு மயக்கமே வந்தது. மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைத் தண்ணீரில் கலந்து தடவினால் முப்பது ரூபாயில் முடிந்துவிடுமே என்றார். அது மாட்டுத் தோலுக்கான அளவு, நாய் நக்கினால் விஷம் உள்ளே போகும், வீட்டில் பூனை இருந்தால் அதற்கு இன்னும் ஆபத்து என்று கல்லூரியிலேயே சொல்லியிருந்தார்கள். வண்டி, பரிசோதனை, மருந்து, மாத்திரை, முதலில் கட்டிய 500 எல்லாம் சேர்த்து அந்த மாதம் எங்களுக்கு 7,000 ரூபாய்க்குள் முடிந்தது. இந்தியாவில் கால்நடை மருத்துவச் சேவைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, மருந்துக்குத்தான் உண்டு. போன மார்ச்சிலேயே அந்த ஒரு மாத்திரையைக் கொடுத்திருந்தால் மீதி 5,000 ரூபாயும் மிச்சம், மணியும் ரத்தம் சிந்தியிருக்க மாட்டான்.

மாத்திரை மட்டும் போதாது என்பதையும் கற்றுக்கொண்டேன். நாய் உண்ணி நாயின் உடம்பில் இருப்பதைவிட வீட்டில் இருப்பதுதான் அதிகம். ரத்தம் குடித்ததும் இறங்கிப்போய்ச் சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மணி படுக்கும் திண்ணைச் சுவரில் டார்ச் அடித்துப் பார்த்தோம், விரிசலுக்குள் குஞ்சுகள் ஊர்ந்தன. கொத்தனாரை வைத்து விரிசல்களைச் சிமெண்டால் அடைத்தோம், பழைய சாக்குகளைக் கொளுத்தினோம். என் பிள்ளைகள் கோடு போட்டுக் கணக்கு வைத்து அடைத்த ஓட்டைகளை எண்ணினார்கள்.

நான்காம் நாள் காலையில் மணி எழுந்து வந்து என் தட்டைப் பார்த்து உட்கார்ந்தான். இட்லி வேண்டும் என்று அர்த்தம். அதற்குள்ளேயே மாத்திரையையும் வைத்துக் கொடுக்கப் பழகினோம்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது, ஜூன் 27-ல் நான் கிளம்பிய பிறகு என்ன ஆகும் என்பதுதான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பணத்தை எடுத்து நீட்டிவிட்டுப் போய்விடுகிறோம். பத்து நாள் கழித்து மறுபரிசோதனைக்கு எழுபது வயது அப்பா யாரோடு போவார்? அதனால் மூன்று காரியம் செய்தேன். குட்டி யானை வைத்திருக்கும் அண்ணனிடம் தேதியைச் சொல்லி, வாடகையை முன்னாலேயே கொடுத்துவிட்டேன். மருந்துச் சீட்டையும் ரத்த முடிவுகளையும் ஒரு பையில் போட்டு, படமும் எடுத்து வைத்துக்கொண்டேன், வேறு மருத்துவரிடம் போனாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். அப்பாவுக்கு ஈறு பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். தினமும் சாயங்காலம் வீடியோவில் மணியின் உதட்டைத் தூக்கிக் காட்டுவார். முதல் நாள் கூச்சப்பட்டவர்தான்.

ஜூலை முதல் வாரம் மறுபரிசோதனை. தட்டணு 2,05,000. இரண்டு வருடமாக வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடாமல் விட்டிருந்தோம், அதைக் கேட்டதும் டாக்டரம்மா ஜூலை 6-ம் தேதி வரச் சொன்னாராம். 1885-ல் லூயி பாஸ்டர் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு வெறிநாய்க்கடி ஊசி போட்ட நாள் அது, அதை ஒட்டி அரசு மருத்துவமனைகளில் நாய்களுக்கு இலவசமாகப் போடுவார்கள். அப்பா எதிர்வீட்டு நாயையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். மாட்டுக்காரர்கள் நடுவில் இரண்டு நாயோடு வரிசையில் நிற்கும் படத்தை அனுப்பியிருந்தார்.

அடுத்த உண்ணி மாத்திரை செப்டம்பர் 2. காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு "மணி" என்று எழுதி வைத்திருக்கிறார். பணம் அனுப்பவா என்று கேட்டேன். "நெல்லு போட்ட காசு இருக்கும்மா, நான் வாங்கிட்டேன்" என்றார்.