காக்கஸா, பிரைமரியா?

அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரைக் கட்சித் தலைமை மட்டும் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. மாநிலம் மாநிலமாக ஆதரவு திரட்ட வேண்டும். அதற்கு இரண்டு வழி.

பிரைமரி நமக்குப் பழகிய தேர்தல் மாதிரிதான். பெரும்பாலும் மாநில அரசே நடத்தும். வாக்குச்சாவடிக்குப் போய் ரகசியமாக வாக்களித்துவிட்டு வந்துவிடலாம், ஐந்து நிமிட வேலை.

காக்கஸ் அப்படியல்ல, கட்சியே கூட்டும் கூட்டம். அயோவா மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியினர் 2020 வரை செய்ததைப் பாருங்கள். குளிர்கால இரவில் பள்ளிக்கூடத்திலோ தேவாலயத்திலோ கூடி, தங்களுக்குப் பிடித்தவரின் அணியில் போய் எல்லோரும் பார்க்க நிற்க வேண்டும். பெரும்பாலான இடங்களில், வந்தவர்களில் 15 சதவீதம் பேர் சேராத அணி செல்லாது. உடனே மற்ற அணிக்காரர்கள் ‘இந்தப் பக்கம் வாங்க’ என்று இழுப்பார்கள். அதே அயோவாவில் குடியரசுக் கட்சியினர் பேச்சைக் கேட்டுவிட்டுச் சீட்டில் எழுதிப் போட்டுவிடுவார்கள்.

பக்கத்து வீட்டுக்காரரோடு வாதாடி வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சுவை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரவு ஷிஃப்ட் நர்ஸும் கைக்குழந்தைக்காரியும் என்ன செய்வார்கள்? முதலாளி பார்க்க எதிரணியில் நிற்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? 2020-இல் அயோவாவில் முடிவுகளை அனுப்பும் செயலி சொதப்பி, முடிவு வரவே நாட்கள் ஆயின. 2024-இல் ஜனநாயகக் கட்சி அங்கே தபால் வாக்குக்கு மாறிவிட்டது.

என் ஓட்டு பிரைமரிக்கே. சரி, அதிலும் ஒரு முடிச்சு உண்டு: ஃப்ளோரிடாவில் அந்தந்தக் கட்சியில் பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. நியூ ஹாம்ப்ஷயரில் கட்சி சாராதவரும் ஏதாவது ஒரு கட்சியின் பிரைமரியில் வாக்களிக்கலாம்.