மூன்று வைஃபை என்று பணம் வாங்கிவிட்டு ஒன்றையே மாட்டிவிட்டுப் போனார்: கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறவர்கள் கவனிக்கவும்

புதுச்சேரியில் வைசியாள் வீதிப் பக்கம் ஒன்பது அறை கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறோம். வாசல் பக்கம் சின்னதாக ஒரு காபிக் கடை. பழைய வீடு, சுண்ணாம்புச் சுவர் இரண்டடி கனம். ஒரு அறை சிக்னல் அடுத்த அறைக்கு எட்டாது. அதனால் ஒருவரைக் கூப்பிட்டு, ஊழியர்களுக்கு, தங்குகிறவர்களுக்கு, காபிக் கடைக்கு வருகிறவர்களுக்கு என்று மூன்று தனித்தனி வைஃபை கேட்டோம். 68,000 ரூபாய். கொட்டேஷனில் வி-லேன் (ஒரே வயரிங்கில் நெட்வொர்க்குகளைத் தனித்தனியாகப் பிரிக்கிற முறை), மேனேஜ்டு சுவிட்ச் (அப்படிப் பிரிக்கத் தெரிந்த இணைப்புப் பெட்டி) எல்லாம் எழுதியிருந்தது. மாடல் நம்பர் மட்டும் இல்லை. போனில் மூன்று வைஃபை பெயர்கள் தெரிந்தன, முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு "அனுப்பறேன் மேடம்" என்றார். இன்னும் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை ராத்திரி பத்து மணி இருக்கும். ரிசப்ஷன் பிரின்டர் தானாக ஓடி, கலர் அடிக்கிற டைனோசர் படம் ஒன்று வெளியே வந்தது. எடுத்துப் பார்த்து முழிக்கிறேன், மாடி அறையிலிருந்து ஒரு பையன் ஓடி வந்து "ஆன்ட்டி, அது என்னோடது" என்கிறான். அப்பா போனில் பிரின்ட் அமுக்கினானாம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. பின்னாலேயே வந்த அவன் அப்பா சிரிக்கவில்லை. சென்னையில் நெட்வொர்க் வேலை பார்க்கிறவர். "அக்கா, கெஸ்ட் வைஃபைலேர்ந்து உங்க பிரின்டர் தெரியவே கூடாதே" என்றார். என்னிடம் கேட்டுவிட்டு கேமரா படங்களைப் பதிவு செய்கிற டிவிஆர் பெட்டியின் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதற்குரிய எண்) தன் போனில் அடித்தார். லாகின் பக்கம் வந்து நின்றது. அதே வழியில்தான் பில்லிங் கம்ப்யூட்டரும் இருந்தது. அதில் தங்கியவர்களின் ஆதார் நகல்கள். காபிக் கடையில் இருபது ரூபாய்க்கு காபி குடிக்கிறவருக்கும் அந்த வழி திறந்தே கிடந்திருக்கிறது.

மறுநாள் கூப்பிட்டால், "மூணு வைஃபை பெயர் கேட்டீங்க, மூணும் வருதே மேடம்" என்கிறார். பிரிக்கணும் என்றால் அது வேற சார்ஜாம். அப்புறம் போனே எடுக்கவில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தெரிந்த தம்பி ஒருவர் வந்து பரணில் ஏறிப் பார்த்தார். அங்கே மாட்டியிருந்தது சாதாரண எட்டு போர்ட் பிளாஸ்டிக் சுவிட்ச். மேனேஜ்டு சுவிட்ச் இருந்தால்தான் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு வி-லேன் எண் கொடுத்துப் பிரித்து அனுப்ப முடியுமாம். இதில் அந்த வேலையே நடக்காது. மூன்று வைஃபையும் 192.168.1 என்ற ஒரே முகவரி வரிசையில் போய் விழுந்திருக்கிறது. ரவுட்டர் பாஸ்வேர்டும் எங்களிடம் இல்லை. ரீசெட் செய்துதான் உள்ளே போனார். நல்ல வேளை, ஆக்சஸ் பாயின்ட்டுகள் (வைஃபை சிக்னல் கொடுக்கிற பெட்டிகள்) சரியான சரக்குதான். சுவிட்சுக்கும் கூலிக்கும் இன்னொரு 9,000 ஆனது.

நீங்கள் பணம் கொடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். போனில் கெஸ்ட் வைஃபையைப் போட்டு ஐபி முகவரியைப் பாருங்கள், பிறகு ஸ்டாஃப் வைஃபையைப் போட்டுப் பாருங்கள். புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்களில் முதல் மூன்றும் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் எங்கள் கதைதான். வேறு வேறாக இருந்தாலும் விடாதீர்கள். தடுக்கிற விதியைப் போடாவிட்டால் ரவுட்டரே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழி விட்டுவிடும். கெஸ்ட் வைஃபையில் இருந்தபடி பிரின்டரையும் டிவிஆரையும் திறந்து பாருங்கள். திறக்கவே கூடாது. எங்கள் தம்பி எதிரிலேயே அதைச் செய்து காட்டிவிட்டுத்தான் காசு வாங்கினார்.

காபிக் கடைக்கு அந்த ஆள் ஒரே பாஸ்வேர்டைச் சுவரில் ஒட்டியிருந்தார். இப்போது செல்போன் எண், ஓடிபி என்று மாற்றிவிட்டோம். யார் உபயோகித்தார் என்பதற்கு அடையாளம் வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2009-லேயே சொல்லியிருக்கிறதாம்.

போன வாரம் முதலில் மாட்டிவிட்டுப் போனவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் மெசேஜ் வந்தது. பில்லாக்கும் என்று ஆசையாகத் திறந்தேன். வருஷாந்திரப் பராமரிப்புக்கு 12,000 கட்டச் சொல்லியிருக்கிறார்.