லண்டனில் தென்கிழக்கு ஆசியச் சுவை: எங்கே போகலாம், எதை உண்ணலாம்

லண்டனில் தென்கிழக்கு ஆசிய உணவு கிடைப்பது அரிதல்ல. அந்தந்த நாட்டு மக்கள் தம் வீட்டில் உண்ணும் சுவையில் கிடைப்பதுதான் அரிது. தாய்லாந்துப் பச்சைக் கறி, மலேசிய லக்ஸா (காரமான நூடுல்ஸ் சூப்), ஜப்பானிய சூஷி என எல்லாவற்றையும் ஒரே உணவுப் பட்டியலில் அடுக்கும் கடைகள் பல கடைத்தெருக்களில் உள்ளன. அவற்றில் நான் உண்ட கறிகளில் பெரும்பாலும் இனிப்பு தூக்கலாகவும், புளிப்பும் காரமும் அடங்கியும் இருந்தன. எனவே புதிய கடைக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது பட்டியலின் நீளத்தை. மலேசியக் கடையானால், அடுத்துப் பார்ப்பது சம்பலை. மிளகாய், வெங்காய விழுதை எண்ணெய் பிரியும்வரை பொறுமையாக வதக்கி, சுட்ட இறால் விழுதும் புளியும் சேர்த்துச் செய்த சம்பல் கருஞ்சிவப்பாக இருக்கும். அவசரத்தில் இறக்கியதில் மிளகாய் விழுதின் பச்சை நெடி போயிருக்காது.

இந்த அளவுகோலின்படி நான் முதலில் பரிந்துரைப்பது யூஸ்டன் ரயில் நிலையத்தின் அருகே, டோரிக் வே தெருவில் இருக்கும் ரொட்டி கிங். படியிறங்கிச் செல்ல வேண்டிய சிறிய அடித்தளக் கடை அது. உணவு வேளையில் வாசலில் வரிசை நிற்பது வழக்கம். அங்கே சாப்பிட வேண்டியது ரொட்டி சானாய். மலாயாவுக்குப் போன தமிழ் முஸ்லிம்கள் அங்கே நிலைபெறச் செய்த உணவு என்பதால் நமக்கு அது பழகிய பரோட்டாவின் உறவாகவே தோன்றும். ஆயினும் செய்முறையில் வேறுபாடு உண்டு. எண்ணெயில் ஊறிய மாவை வீசி வீசி, மறுபுறம் தெரியும் அளவுக்கு மெல்லிதாக்கி, மடித்துக் கல்லில் போடுகிறார்கள். வெந்ததும் இரு கைகளுக்கும் இடையில் வைத்துத் தட்டும்போது மடிப்புகள் பிரிந்து, மேல்தோல் நொறுங்கலாகவும் உட்புறம் மென்மையாகவும் நிற்கிறது. தொட்டுக்கொள்ளப் பருப்பு, மீன் கறி, ஆட்டுக் கறி எனப் பல இருந்தாலும், மீன் கறியின் புளிப்புக்குத்தான் அந்த ரொட்டி மிகவும் பொருந்துகிறது என்பது என் கருத்து. ரொட்டி ஆறினால் தோல்போல் இழுபடும். எனவே இதை வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போகாமல் அங்கேயே சுடச்சுட உண்பது நல்லது. பாட்டர்சீ மின்நிலைய வளாகத்திலும் இக்கடைக்குக் கிளை உண்டு.

வியட்நாமிய உணவுக்கு ஷோர்டிச் பகுதியிலிருந்து வடக்கே செல்லும் கிங்ஸ்லாந்து சாலைக்கு ஈடாக வேறொரு தெருவை என்னால் சொல்ல இயலவில்லை. 1975-இல் போர் முடிந்தபின் வெளியேறி, எழுபதுகளின் இறுதியிலிருந்து பிரிட்டனுக்கு வந்த அகதிகளில் பலர் ஹாக்னி வட்டாரத்தில் குடியேறினர். அதனால்தான் இங்கே இத்தனை கடைகள் நெருக்கமாக உருவாயின. ஹாக்ஸ்டன் ஓவர்கிரவுண்ட் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். இங்கே ஃபோ என்னும் அரிசி நூடுல்ஸ் சூப்பைக் கேட்டு வாங்குவோர், உடன் வரும் எலுமிச்சையையும் சாஸையும் சேர்ப்பதற்கு முன்பு வெறும் சாற்றை ஒரு கரண்டி பருகிப் பார்க்க வேண்டும். எலும்பை நெடுநேரம் கொதிக்கவைத்து, சுட்ட இஞ்சியும் வெங்காயமும், அன்னாசிப்பூவும் பட்டையும் சேர்த்த சாறு தெளிவாக இருக்கும். விழுங்கியபின்தான் அதன் மணம் மெல்ல எழும். சாங் க்வே கடையின் மாட்டிறைச்சி ஃபோவை இதற்காகவே நாடிப் போகலாம். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் கோழிச் சாற்றில் செய்ததைக் கேட்கலாம். சைவர்கள் மட்டும், சாறு எதில் செய்தது என்பதையும் மீன் சாஸ் சேர்ந்திருக்கிறதா என்பதையும் தெளிவாக விசாரித்துக்கொள்வது அவசியம்.

பர்மிய உணவை நாடுவோருக்குப் பெத்னல் கிரீன் சாலையில் லாபெட் என்ற உணவகம் இருக்கிறது. புளிக்கவைத்த தேயிலையுடன் வறுத்த பயறும் கடலையும் கலந்த சாலட்டின் துவர்ப்பு, பழகாத நாவுக்கும் இரண்டாம் வாயில் பிடித்துவிடும். பிலிப்பைன்ஸ் உணவுக்கு எர்ல்ஸ் கோர்ட் பக்கம் தேடலாம்.

லக்ஸாவைப் பற்றித்தான் எனக்கு மனக்குறை. நகர மையத்தில் ஒரு கடையில் கேட்டு வாங்கிய லக்ஸாவில் தேங்காய்ப்பால் இருந்தது, மஞ்சள் நிறம் இருந்தது. காய்ந்த இறாலின் ஆழமும் லக்ஸா இலையின் மணமும் இல்லை. அந்த இலை இந்நகரில் கிடைக்காத பொருளல்ல. வியட்நாமிய மளிகைக் கடைகளில் ராவ் ராம் என்று கேட்டால் கட்டாகவே தருவார்கள். இலையின் நடுவில் கருமையான தடம் இருக்கும், கசக்கினால் கொத்தமல்லியும் மிளகும் கலந்த நெடி வரும். தேங்காய்ப்பாலில் வேகவைக்கும் நாசி லெமாக் சோற்றுக்கு வேண்டிய பாண்டான் இலையோ இன்னும் எளிது: டூட்டிங், ஈஸ்ட் ஹாம் பகுதிகளிலுள்ள இலங்கைத் தமிழர் கடைகளில் ரம்பை என்று கேட்டு வாங்கலாம். நல்ல லக்ஸாவுக்காக இத்தனை தெருக்களில் அலைவதைவிட, இந்த இலைகளை வாங்கிவந்து விழுதை வீட்டிலேயே அரைப்பதைத்தான் இப்போதைக்கு நான் பரிந்துரைப்பேன்.